துருவைத் துடைக்கும் முன்

ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரே பட்டறையில் ஒரே நாளில் செய்து மாட்டிய இரண்டு ஜன்னல் கிரில்கள் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. எங்கள் குடியிருப்பின் கிழக்கு ஜன்னல் பட்டினப்பாக்கம் கடலைப் பார்த்தது. மேற்கு ஜன்னல் மந்தைவெளியைப் பார்த்தது. மேற்கில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் மட்டும்தான். கிழக்கில் பெயின்ட் கொப்புளித்து, உள்ளிருந்து இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால், அந்தக் கிழக்கு கிரில்லிலேயே மழைச்சாரல் நேராக அடிக்கும் கீழ்க்கம்பிகள் பரவாயில்லாமல் இருக்கின்றன. சன்ஷேடின் மறைவில், மழையே படாத மேல்கம்பிகள்தான் மோசமாக அரித்துப்போயிருக்கின்றன.

தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைப் பகல்நேரக் கடற்காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. துளி காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் கம்பிமேல் தங்கிவிடுகிறது. நாம் சோற்றுக்குப் போடும் அதே உப்புதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒரு சொட்டு மழை இல்லாத மே மாதத்திலும் எங்கள் கிரில் இரவெல்லாம் மெல்லிய உப்புநீர்ப் படலத்தில் நனைந்துகொண்டேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்து கீழ்க்கம்பிகளைக் கழுவிவிடுகிறது. மேல்கம்பிகளைக் கழுவ யாரும் இல்லை.

அந்தப் படலத்துக்குள் நடப்பது மின்வேதியியல். கம்பியின் ஓரிடத்தில் இரும்பு அணு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில், காற்றிலிருந்து வந்த ஆக்ஸிஜன் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே நீர் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். சுத்தமான நீர் அதை மெதுவாகச் செய்யும், உப்புநீர் வேகமாகச் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு இன்னொரு கேட்டையும் செய்கிறது. இரும்பின்மேல் இயல்பாக உருவாகும் காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடுகிறது.

நான் உலோகவியல் படித்தவள். ஓய்வு பெறும்வரை ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். வெடித்த பாய்லர் குழாய், முறிந்த போல்ட், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி என்று வருவதையெல்லாம் அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து, ஏன் இப்படி ஆயிற்று என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த வேலையில் நான் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இரும்பைக் காப்பதும் அழிப்பதும் அதன்மேல் உட்காரும் படலம்தான், அந்தப் படலத்தை உருவாக்குவது இரும்பும் அது நிற்கும் இடமும் சேர்ந்து. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தப் பாதுகாப்பும் எங்கள் தெருவில் நிலைப்பதில்லை.

கிரில்லுக்கு பெயின்ட் அடிக்க வந்த பெரியவரிடம், "அண்ணே, சுரண்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் துருவை எடுத்துக்கறேன்" என்றேன்.

"துருவுல பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிச்சா முடிஞ்சுது" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

ஒரு சிட்டிகைத் துருவில்

துரு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பொருள் இல்லை. இரும்பும் ஆக்ஸிஜனும் நீரும் வெவ்வேறு விதமாக அடுக்கிக்கொண்ட பல கனிமங்களின் கலவை அது. புதிதாகப் பிடித்த ஆரஞ்சு நிறத் துருவில் லெபிடோகுரோசைட் அதிகம். நாள்பட நாள்பட அது மெல்ல கோத்தைட் ஆக மாறுகிறது. அது நிலையானது, கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிஜன் குறைந்த அடியடுக்கில் கறுப்பான மேக்னடைட் இருக்கும். குளோரைடு மிகுந்த இடத்தில் மட்டும் அகாகனைட் என்ற நான்காவது ஆள் வருவார். தன் படிக அமைப்புக்குள்ளேயே குளோரைடை ஒளித்துவைத்திருப்பவர் அவர். அகாகனைட் தெரிந்தால் கடல் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

வெறுங்கண்ணுக்கு இவை எல்லாம் பழுப்புதான். பிரித்தறிய எக்ஸ்-கதிர் வேண்டும். துருவைப் பொடித்துக் கதிரைப் பாய்ச்சினால், ஒவ்வொரு கனிமமும் தன் அணு அடுக்குகளின் இடைவெளிக்கு ஏற்ற கோணங்களில் மட்டும் கதிரைத் திருப்பும். கோணங்களை அளந்து ஆளைச் சொல்லிவிடலாம். படிகமாக உருவாகாத, ஒழுங்கற்ற துருவுக்கு இது போதாது. அதற்கு மோஸ்பவர் நிறமாலை, அகச்சிவப்பு நிறமாலை என்று வேறு கருவிகள் உண்டு.

எனக்கு மிகப் பிடித்தது ராமன் நிறமாலை. துருவின்மேல் லேசர் ஒளியைக் குவித்தால், திரும்பி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றம் எந்தக் கனிமம் என்று காட்டிக்கொடுக்கும். ஒரு மைக்ரான் அளவுள்ள புள்ளியைக்கூட இப்படிக் கேட்டறியலாம். இந்த விளைவை 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த சி. வி. ராமன், இளங்கலையும் முதுகலையும் படித்தது நம் மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில். கருவியைக் கையாள்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேசரின் வலு கூடிவிட்டால் அந்தச் சூட்டிலேயே துரு ஹேமடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். மாதிரியில் இல்லாத ஒன்றை நாமே உண்டாக்கி, நாமே கண்டுபிடித்ததாக எழுதிவிடுவோம். அதனால் ஒளியை மட்டாக வைத்து, பொறுமையாக வெகுநேரம் அளக்க வேண்டும்.

கடலோர இரும்பைக் குறுக்கே அறுத்து, பிசினில் பதித்து, வைரப் பசையால் கண்ணாடி போல மெருகேற்றிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். குளோரைடு மேலே நிற்பதில்லை. துருவின் விரிசல்கள் வழியே இறங்கி, இரும்பும் துருவும் சேரும் எல்லையில் போய்க் குவிகிறது. உப்புத்தாள் மேல் துருவை எடுக்கிறது; குழிகளுக்குள் இருக்கும் உப்பை எடுப்பதில்லை. அதன்மேல் அடித்த பெயின்ட், உப்பை உள்ளே வைத்துப் பூட்டிய பெயின்ட். அடுத்த ஆண்டே கொப்புளிப்பது இதனால்தான். பெயின்ட் நிறுவனத்தையோ பெயின்டரையோ திட்டிப் பயனில்லை.

இரண்டு பச்சைகள்

காக்கும் படலம், தின்னும் படலம் என்ற இந்த வேறுபாட்டைச் சென்னையில் நெடுங்காலமாகவே ஒரு கூடம் பார்த்துவருகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புப் பணி தொடங்கியது. மண்ணிலிருந்து எடுத்த வெண்கலத் திருமேனிகள் அருங்காட்சியகத்துக்கு வந்தபிறகும் அரித்துக்கொண்டே இருந்ததுதான் அதற்குக் காரணம். வெண்கலத்தின் பச்சையிலும் இரண்டு வகை உண்டு. அடர்ந்த, வழவழப்பான பச்சை உலோகத்தோடு ஒட்டி அதைக் காக்கும். வெளிறிய, மாவு போல உதிரும் பச்சை, உள்ளே குளோரைடு இருப்பதன் அடையாளம். காற்றின் ஈரம் பட்டதும் அந்தக் குளோரைடு அமிலமாகி மறுபடி செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடாகும், இப்படிச் சுற்றிச் சுற்றி நடக்கும். வேதியியலாளர் எஸ். பரமசிவன் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் குளோரைடிலிருந்து விடுவித்தார். சோழர் காலச் சிலைகளின் முகத்தில் இன்று நாம் பார்க்கும் நுட்பமான வேலைப்பாட்டுக்கு, செய்த ஸ்தபதியோடு, காப்பாற்றிய வேதியியலாளருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பாலசுப்பிரமணியம் படித்த தூண்

துருவைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட இந்தியர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆர். பாலசுப்பிரமணியம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியர். 2009 டிசம்பரில், 48 வயதிலேயே மறைந்துவிட்டார். டெல்லி மெஹ்ரௌலியில் குதுப் மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூணின் துருவை அவர் ஆராய்ந்த விதம், எங்கள் துறைக்கே ஒரு பாடம்.

தூண் 23 அடிக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. குப்தர் காலத்தது, வயது ஏறத்தாழ 1,600 ஆண்டு. "துருப்பிடிக்காத தூண்" என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது சரியில்லை. தூணின்மேல் துரு இருக்கிறது; அந்தத் துருதான் தூணைக் காக்கிறது.

அவருக்கு முன்பு பலர், டெல்லியின் வறண்ட காற்றே காரணம் என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதுவே முழுக் காரணமாக இருக்க முடியாது என்று பாலசுப்பிரமணியம் வாதிட்டார். எக்ஸ்-கதிர், அகச்சிவப்பு, மோஸ்பவர் ஆகிய மூன்று வழிகளிலும் துருவைச் சோதித்து, 2000-இல் முடிவுகளை விரிவாக வெளியிட்டார். தூணின் இரும்பில் பாஸ்பரஸ் கால் சதவீதம் அளவுக்கு இருக்கிறது. இன்றைய எஃகில் அவ்வளவு பாஸ்பரஸ் இருந்தால் ஆலையிலேயே கழித்துவிடுவார்கள், எஃகை அது நொறுங்க வைக்கும் என்பதால். பழங்கால உலைகளில் மரக்கரி போட்டு இரும்பெடுத்தார்கள். சுண்ணாம்புக் கல் சேர்க்கவில்லை. பாஸ்பரஸைக் கசடோடு வெளியேற்றுவது சுண்ணாம்பு. அது இல்லாததால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது.

தொடக்கத்தில் அந்த இரும்பும் மற்ற இரும்பைப் போலத்தான் துருப்பிடித்தது. இரும்பு கரையக் கரைய, பாஸ்பரஸ் துருவுக்கும் இரும்புக்கும் நடுவே சேர்ந்துகொண்டே போயிற்று. அது அங்கே மிசாவைட் என்ற, படிக ஒழுங்கில்லாத, நெருக்கமான துருப் படலம் உருவாக உதவியது. பல நூற்றாண்டு நனைந்து, காய்ந்து, நனைந்து, காய்ந்ததில், அதே எல்லையில் இரும்பு பாஸ்பேட் படிகமும் உருவாகித் துளைகளை அடைத்தது. ஈரமும் ஆக்ஸிஜனும் உள்ளே போக வழி குறைந்தது. அரிப்பு நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு இறங்கிவிட்டது.

இதே தூணில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1961-இல் தொல்லியல் துறையினர் தூணை எடுத்துப் பார்த்தபோது, மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி துருப்பிடித்து அரித்திருந்தது. இரும்பு ஒன்றுதான், பாஸ்பரஸும் ஒன்றுதான். ஆனால் மண்ணுக்குள் நனைந்து காயும் சுழற்சி இல்லை, எந்நேரமும் ஈரம். படலம் உருவாக வாய்ப்பில்லை. இரும்பும் இடமும் சேர்ந்தே படலத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பாலசுப்பிரமணியம் தஞ்சாவூருக்கும் வந்தார். கீழவாசல் பீரங்கி மேட்டில் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கிறதே, ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, அதற்காக. அது உருக்கி வார்த்ததில்லை. நீளவாட்டில் அடுக்கிய இரும்புப் பட்டைகளின்மேல் வளையங்களைக் காய்ச்சி மாட்டி, அடித்து ஒட்டி உருவாக்கியது. எடை 20 டன்னுக்கு மேல். உலோகவியலாளர் டி. ஆர். அனந்தராமனும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் அவரோடு சேர்ந்து, அதன் கட்டுமானத்தையும் துருவையும் ஆராய்ந்து 2004-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்களுக்கு நம் பழைய இரும்பில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அணுக்கழிவை நிலத்தடியில் பல நூற்றாண்டுகள் பூட்டி வைக்க வேண்டிய உலோகக் கலன் எப்படி அரிக்கும் என்பதை எந்தக் கூடத்திலும் காத்திருந்து சோதிக்க முடியாது. ஏற்கெனவே பல நூறு ஆண்டுகளைக் கடந்து வந்த இரும்பிடம்தான் கேட்டறிய வேண்டும். பீரங்கி மேட்டின் துரு அந்த வகையில் உலகத்துக்கே வேண்டிய ஆவணம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வார்னிஷ் பூச யாராவது நினைத்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

கடலோரத்தில் அந்த வித்தை செல்லுமா?

பாஸ்பரஸ் இரும்பில் கிரில் செய்தால் ராஜா அண்ணாமலைபுரத்தில் 1,600 ஆண்டு நிற்குமா? நிற்காது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் சேர்த்து, காக்கும் துருவைத் தானே போர்த்திக்கொள்ளும் எஃகை அமெரிக்காவில் 1930-களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடலிலிருந்து தள்ளிய உள்நிலப் பகுதிகளில் அது பெயின்ட் இல்லாமலே பாலமாக நிற்கிறது. கடலோரத்தில் குளோரைடு அந்தப் படலத்தைக் கெட்டிப்பட விடுவதில்லை, அடுக்கடுக்காகப் பெயர்கிறது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டிகளும் வெகுகாலம் இவ்வகை எஃகில்தான் செய்யப்பட்டன. கழிவறையை ஒட்டிய தரையும் அடிச்சட்டமும் அரிப்பது ரயில்வே பணிமனைகளுக்குத் தீராத வேலையாக இருந்தது. இப்போது பெட்டியின் கூடு துருப்பிடிக்கா எஃகுக்கு மாறிவிட்டது.

கடலின் வலிமையைப் பார்க்க வேண்டுமானால் பாம்பன் போக வேண்டும். 1914-இல் திறந்த ரயில் பாலம், தலைமுறை தலைமுறையாகப் பெயின்ட் அடித்து, தகடு மாற்றி, ஓயாத பராமரிப்பில் நின்றது. கப்பலுக்குத் திறந்து வழிவிடும் நடுப்பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு. வெல்டிங் இணைப்பு ஏன் என்றால், ரிவெட் போட்ட இரண்டு தகடுகளின் இடுக்கில்தான் உப்புநீர் தேங்கி, அரிப்பு ஒளிந்து வளரும். பழைய பாலம் கற்பித்த பாடம் புதிய பாலத்தின் வடிவமைப்பில் இருக்கிறது.

பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடல் அரிப்பு ஆய்வு நிலையம் உள்ளது. எங்கள் பேட்டைக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகம் கண்டவர். அவரைப் போலவே செட்டிநாட்டைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் இந்த நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் திறக்கப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் இரும்பு, துத்தநாகம், அலுமினியத் தகடுகளை வெட்டவெளியில் தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று அளந்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். பகட்டில்லாத, பொறுமை மிகுந்த வேலை. ஆனால் எந்த ஊரில் எந்த உலோகம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு வேறு எந்தக் குறுக்கு வழியும் கிடையாது.

சுவருக்குள் இருக்கும் இரும்பு

கிரில் போனால் புதுக் கிரில் போடலாம். எனக்குக் கவலை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதற்குள் கம்பியின்மேல் மிக மெல்லிய காப்புப் படலம் தானாகவே உருவாகி இருக்கும். ஆண்டுக்கணக்கில் உப்பு ஊறி ஊறிக் கம்பியை அடைந்ததும் அது துளைபடுகிறது. துருவின் கன அளவு, அது உருவான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு. வாய் குறுகிய பாட்டிலில் கொண்டைக்கடலையை நிரப்பி, தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் என்ன ஆகும்? கடலை ஊறிப் பருத்து, பாட்டில் விரியும். கம்பி உள்ளே துருவேறிப் பருக்கும்போது கான்கிரீட்டும் அப்படித்தான் விரிகிறது. முதலில் பால்கனியின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோட்டு விரிசல். பிறகு பழுப்புக் கறை. பிறகு சிப்பம் சிப்பமாக விழும்.

இதற்காகத்தான் ஐ.எஸ். 456 விதி, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம் கேட்கிறது. சென்ட்ரிங் வேலையில் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகைமேலேயே கிடத்திவிட்டால், அந்த வீட்டின் ஆயுள் அன்றைக்கே பாதியாகிறது. காரைக்குடி நிறுவனம் கம்பிகளுக்கென்றே சிமெண்ட்-பாலிமர் பூச்சு ஒன்றை உருவாக்கியது. பாலசுப்பிரமணியமும் தன் கடைசி ஆண்டுகளில், பாஸ்பரஸ் இரும்பைக் கான்கிரீட் கம்பியாகப் பயன்படுத்த முடியுமா என்று மாணவர்களோடு ஆராய்ந்தார். மெஹ்ரௌலித் தூணிலிருந்து நேராக நம் பால்கனிக்கு வந்து நிற்கும் கேள்வி அது. பழம்பெருமை பேசுவதோடு நிறுத்தாமல், பழைய இரும்பிடம் கற்றதை நாளைய வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு மாறாத மரியாதை.

எங்கள் பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறையாவது கிரில்லையும் ஏ.சி. வெளிப்பெட்டியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழை படாத இடத்தை முதலில் கழுவுங்கள். பெயின்டுக்கு முன் துருவை எடுத்த பிறகு, கம்பியை நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ஓர் இரவு தள்ளிப்போட்டால் கடற்காற்று மறுபடி உப்பைப் போட்டுவிடும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போடாதீர்கள். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அங்கே பேட்டரி உருவாகி, ஒன்று மற்றொன்றைத் தின்னும். கூரையில் நேர்கோட்டு விரிசல் கண்டால் பூசி மறைக்காமல், கம்பி எந்த நிலையில் இருக்கிறது, குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். சோதனைச் செலவு, பின்னால் வரும் பழுதுச் செலவோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை.

இன்னொன்று, நம் கல்லூரிகளும் பள்ளிகளும் செய்யலாம். காற்றின் அரிப்புத் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச விதி ஆறு படிகளாகப் பிரிக்கிறது. சாதாரண எஃகு முதலாண்டில் 200 மைக்ரானுக்கு மேல் இழந்தால் அது உச்சப் படி. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். எடைபோட்ட எஃகுத் தகடுகளைப் பட்டினப்பாக்கம் கரையிலும், எம்.ஆர்.சி. நகரிலும், கிரீன்வேஸ் சாலையிலும், மந்தைவெளியிலும் மொட்டை மாடிகளில் ஓராண்டு விட்டுவைத்து, துருவை முறைப்படி நீக்கி, மறுபடி எடைபோட்டால் போதும். கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி எவ்வளவு அரிப்பு என்ற கணக்கு எங்கள் தெருத்தெருவாகக் கிடைத்துவிடும். எங்கே துத்தநாகம் பூசிய கம்பி போதும், எங்கே துருப்பிடிக்கா எஃகு வேண்டும், எங்கே கான்கிரீட்டின் கனத்தைக் கூட்ட வேண்டும் என்று வீடு கட்டுகிறவர் யூகிக்க வேண்டியிருக்காது. எங்கள் மொட்டை மாடியில் முதல் தகட்டைத் தொங்கவிட இடம் தரச் சங்கத்தார் சம்மதித்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது சேர வந்தால், துருவை எப்படி எடுப்பது, எப்படி எடைபோடுவது என்று சொல்லித்தர நான் தயார்.